நாற்காலிக் கணக்கு

சிக்கந்தர் வாடகைக் கடையில்
நாற்காலி ஒன்றுக்கு ஏழு ரூபாய்.
உடைந்தால் முந்நூறு.
முதல் மாதம் அறுபது எடுத்தேன்.

"என்ன விசேஷம், காதுகுத்தா?"
ஜாஸ் என்றேன்.
ரசீதில் 'ஜோஸ் வீட்டு விசேஷம்' என்று
எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.
நான் திருத்தவில்லை.

மேலூர். நான்குவழிச் சாலைக்கு இந்தப் பக்கம்
ஞாயிற்றுக்கிழமை ஓடாத
கிரானைட் பாலிஷ் ஷெட்.
அங்கே கணக்கு எழுதுகிறவன் நான்.
முதலாளி சொன்னது ஒன்றுதான்:
கல்லில் யாரும் சாயக் கூடாது.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வந்தார்கள்.
ஞானஒளிவுபுரத்து ஜெரால்டு, சாக்ஸபோன்.
வெள்ளைத்துரை, டிரம்ஸ்.
ஆள் உயர பேஸுக்கும் ஒரு டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு
ஒத்தக்கடை வரை சண்டை போட்ட நவமணி.

அறுபது நாற்காலி. பதினோரு பேர்.
அதில் நான்கு பேர் வாட்ச்மேன் குடும்பம்.
ஒருவர் கல் விலை கேட்க வந்தவர்.
"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒரு குரல்.
"முடிஞ்சிருச்சுண்ணே" என்றான் வெள்ளைத்துரை.

அவன் அடித்த ஒவ்வொரு அடியும்
நிறுத்திவைத்த பலகைகளில் மோதி
இரண்டாகத் திரும்பியது.
அடுத்த மாதம் அரவை மில்லில் சாக்கு வாங்கிக் கட்டினோம்.
சங்கீதத்தில் தவிட்டு வாசம்.

இரண்டாம் மாதம் நாற்பது நாற்காலி, ஒன்பது பேர்.
மூன்றாம் மாதம் இருபது நாற்காலி, பதினான்கு.
கூடுகிறதா குறைகிறதா என்று
கணக்கு எழுதுகிறவனுக்கே பிடிபடவில்லை.
நோட்டீஸில் டீ இலவசம் என்று போட்டேன்.
டீக்கு வந்தார்கள், டீயோடு போனார்கள்.

"ஒரு சினிமாப் பாட்டு வாசிச்சா
கொறஞ்சா போயிருவீங்க?"
ஜெரால்டு வாசித்தான்.
எல்லோருக்கும் தெரிந்த மெட்டை நாலு அடி கொண்டுபோய்
பெரியாறு வாய்க்காலில் விடுவதுபோல் விட்டான்.
அது எந்தெந்த மடையிலோ பிரிந்து
யார் யார் வயலுக்கோ பாய்ந்து
வெகுநேரம் கழித்துத் தலையைக் காட்டியபோது
வாட்ச்மேன் மகள் "ஆங்" என்றாள்.
அந்த 'ஆங்'கை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

எட்டரைக்கு நாற்காலி எடுக்க வரச் சொன்னால்
எட்டுக்கே வந்துவிடுவார் சிக்கந்தர்.
எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.
குட்டியானையை அணைக்காமல் வாசலில் நிற்பார்.
"அந்த ஜோஸு ஒரு நாளும் வரமாட்டாரா?"

நான்காம் மாதம் வண்டியை அணைத்தார்.
நவமணி தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.
அந்தத் தடித்த கம்பிகளுக்கு
டீசல் இடைஞ்சலாக இருந்திருக்கும்.
ஐந்தாம் மாதம்
பிரிக்காமல் கிடந்த ஆறு நாற்காலி அடுக்கின் உச்சியில்
ஏறி உட்கார்ந்திருந்தார், கால் தரை தொடாமல்.

ஆறாம் மாதம் மழை. ஏழு பேர்.
வெள்ளைத்துரைக்குக் காய்ச்சல்.
பதிலுக்கு வந்த பையன்
கடிகாரம் மாதிரி தப்பாமல் அடித்தான்.
உண்டியலில் விழுந்தது பஸ்ஸுக்கே காணாது.
உறையை மாட்டிக்கொண்டே நவமணி கேட்டாள்:
"இந்த மாசத்தோட நிறுத்திக்கிருவமா?"
நான் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
அவிழ்க்கிறவன் என்ன பதில் சொல்ல?

ஏற்றிக்கொண்டிருந்த நாற்காலிகளை மழையில் விட்டுவிட்டு
உள்ளே வந்தார் சிக்கந்தர். கோபம்.
"போன மாசம் மாதிரி இல்லையேப்பா.
அந்தத் தம்பி விட்டு விட்டு அடிக்கும்ல,
விழுந்துருவான் விழுந்துருவான்னு பாத்தா விழமாட்டான்.
இந்தப் பய விழவே போகல.
அதுல என்ன இருக்கு?"

ஆறு மாதத்தில் முதன்முதலாக
எங்களைக் குறை சொல்ல ஓர் ஆள்.
உறையின் ஜிப் பாதியில் நின்றது.
ஜெரால்டு சிரித்தானா, தண்ணீரைத் துடைத்தானா,
கைக்குட்டை முகத்திலேயே இருந்தது.

ரசீது ஈரமாக இருந்தது.
ஜோஸ். நாற்காலி இருபது. நூற்று நாற்பது ரூபாய்.
அடியில், நான் கேட்காமலே,
அடுத்த மாதத்துத் தேதி.

வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையை நீட்டினார்:
"அதுக்குள்ள காய்ச்சல் விட்ருமில்ல?"